குடும்ப டாக்டரும் மனநல டாக்டரும் பேசிக்கொண்டால்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பெரம்பூரில் இருபத்திரண்டு வருஷமாகப் பொது மருத்துவம் பார்க்கிறேன். காய்ச்சல், சுகர், பிரஷர், மூட்டுவலி என்று வருகிறவர்கள்தான் அதிகம். அவர்களில் பலர் மனசுக்குள்ளும் ஒரு வலியைச் சுமந்துகொண்டு வருகிறார்கள். அதை முழுசாகக் கவனிக்க எனக்கு மனநல மருத்துவர் வேண்டும். அவருடைய நோயாளியின் உடம்பைக் கவனிக்க அவருக்கு நான் வேண்டும். எங்கள் இரண்டு பேருக்கும் நடுவில் பேச்சே இல்லாததால் நோயாளிகள் பட்ட பாட்டை நிறையப் பார்த்துவிட்டேன். வெளியே இருபது பேர் காத்திருக்கும்போது எல்லாவற்றையும் விளக்க முடிவதில்லை. அதனால்தான் திரும்பத் திரும்ப வரும் கேள்விகளுக்கு இங்கே நிதானமாகப் பதில் எழுதுகிறேன்.

சுகர் மாத்திரை வாங்கத்தானே வந்தேன். தூக்கம் வருதா, மனசு எப்படி இருக்குன்னு ஏன் டாக்டர் கேட்கிறீங்க?

மாத்திரையை மாற்றியும் சுகர் இறங்கவில்லை என்றால், வீட்டில் என்ன நடக்கிறது என்று கேட்காமல் இருக்க முடியாது. மனச்சோர்வில் இருப்பவருக்கு வாக்கிங் போகத் தோன்றாது, நேரத்துக்குச் சாப்பிடத் தோன்றாது, மாத்திரை தீர்ந்துபோனாலும் வாங்கத் தோன்றாது. சுகர் உள்ளவர்களுக்கு மனச்சோர்வு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட ஏறக்குறைய இரண்டு மடங்கு. மாரடைப்பு, பக்கவாதம் வந்து மீண்டவர்களுக்கும், வருஷக்கணக்கில் வலியோடு வாழ்பவர்களுக்கும் இதே நிலைமைதான். ஒன்றைக் கவனிக்காமல் விட்டால் மற்றதும் கட்டுக்குள் வராது.

எல்லா டெஸ்ட்டும் நார்மல்னு வருது. அப்போ என் வலி பொய்யா?

பொய் இல்லை. இந்தக் கேள்வியைக் கேட்கும்போது பலருடைய கண் கலங்கிவிடும். "நெஞ்சு படபடன்னு அடிக்குது", "வாயு வந்து அடைக்குது", "தலை பாரமா இருக்கு", "உடம்பெல்லாம் எரியுது" என்றுதான் நம் ஊரில் மனசின் வேதனை முதலில் வெளியே வருகிறது. பதற்றம் வந்தால் அட்ரினலின் சுரக்கிறது, இதயம் நிஜமாகவே வேகமாக அடிக்கிறது, குடலின் இயக்கமும் மாறுகிறது. நீங்கள் உணர்வது உங்கள் உடம்பில் நடப்பதைத்தான்.

இதைச் சொல்ல ஆள் இல்லாததால் ஈ.சி.ஜி., எக்கோ, எண்டோஸ்கோபி, தலைக்கு ஸ்கேன் என்று கடன் வாங்கிச் சுற்றியவர்கள் உண்டு. "நார்மல், ஒண்ணும் இல்லை, போங்க" என்று அனுப்புவதோடு டாக்டரின் வேலை முடிந்துவிடுவதாக நான் நினைக்கவில்லை. ரிப்போர்ட் நார்மலாக இருந்தும் ஒருவர் கஷ்டப்படுகிறார் என்றால் அப்போதுதான் பேச்சையே ஆரம்பிக்க வேண்டும்.

இன்னொன்றும் இருக்கிறது. தைராய்டு குறைந்தாலும், ரத்தசோகை இருந்தாலும், வைட்டமின் பி12 குறைந்தாலும் பார்ப்பதற்கு மனச்சோர்வு மாதிரியே இருக்கும். தைராய்டு கூடினால் பதற்ற நோய் மாதிரி இருக்கும். நேராக மனநல மருத்துவரிடம் போகிறவர்களும் இந்த ரத்தப் பரிசோதனைகளைத் தவறவிடக் கூடாது.

மனசைப் பத்தி என்னதான் கேட்பீங்க?

முதலில் இரண்டே கேள்வி. கடந்த இரண்டு வாரத்தில், வழக்கமாகப் பிடித்த வேலைகளில்கூட ஈடுபாடு இல்லாமல் இருந்ததா? மனசு சோர்ந்து, நம்பிக்கை இழந்த மாதிரி இருந்ததா? இதில் ஒன்றுக்காவது ஆமாம் என்றால், பி.எச்.க்யூ.-9 என்ற ஒன்பது கேள்விகள் உள்ள தாளை எடுப்பேன். மொத்தம் 27 மதிப்பெண்; 10 அல்லது அதற்கு மேல் வந்தால் விரிவாக உட்கார்ந்து பேச வேண்டும். இந்தத் தாளை வைத்து மட்டும் நோயை முடிவு செய்வதில்லை. காய்ச்சலுக்குத் தெர்மாமீட்டர் வைத்துப் பார்ப்பது மாதிரி இது.

ஒன்பதாவது கேள்வி உயிரை விட்டுவிடலாம் என்ற எண்ணத்தைப் பற்றியது. அதை நேராகவே கேட்பேன்: "வாழ்ந்து என்ன ஆகப்போகுதுன்னு தோணுதாம்மா?" கேட்டால் அந்த எண்ணத்தை நாமே கிளப்பிவிட்ட மாதிரி ஆகிவிடுமோ என்று வீட்டில் உள்ளவர்கள் பயப்படுகிறார்கள். அப்படி ஆகாது. கேட்டதுமே பெருமூச்சு விட்டு, "முதல் தடவையா ஒருத்தர் கேட்டீங்க" என்று சொன்னவர்கள் இருக்கிறார்கள்.

அப்போ நீங்களே மருந்து கொடுக்கலாமே, எதுக்கு இன்னொரு டாக்டர்?

மிதமான மனச்சோர்வு, பதற்றம் ஆகியவற்றுக்கு நானே சிகிச்சையை ஆரம்பிப்பேன். எஸ்சிட்டாலோபிராம், செர்ட்ராலின் போன்ற மருந்துகளைக் கொடுக்க எந்தப் பொது மருத்துவரும் பழகிக்கொள்ளலாம். உலக சுகாதார நிறுவனம் வலியுறுத்துவதும் இதைத்தான்: ஆரம்ப சுகாதார நிலையத்திலேயே மனநல சிகிச்சை கிடைக்க வேண்டும். நம் நாட்டில் 1982-லேயே தேசிய மனநலத் திட்டம் வந்துவிட்டது, 1996-ல் அது மாவட்ட அளவில் இறங்கியது. மனநல மருத்துவர்களின் எண்ணிக்கையை வைத்துப் பார்த்தால் வேறு வழியும் இல்லை.

மருந்து வேலை செய்ய இரண்டிலிருந்து நான்கு வாரம் ஆகும். முதல் சில நாள் வயிற்றைப் புரட்டலாம். குணமான பிறகும் குறைந்தது ஆறு மாதம் தொடர வேண்டும், டக்கென்று நிறுத்தக் கூடாது. முதல் சீட்டு எழுதும்போதே இதைச் சொல்லிவிட வேண்டும். சொல்லாமல் விட்டால் பத்தாம் நாளே "கேட்கலை" என்று மாத்திரையை ஒதுக்கிவைத்துவிடுவார்கள்.

காதில் குரல் கேட்கிறது, யாரோ பின்தொடர்கிறார்கள் என்று சொல்பவர், நாலு நாள் தூங்காமல் அளவுக்கு மீறிய உற்சாகத்தில் செலவு செய்பவர், உயிரை விடத் திட்டம் போட்டிருப்பவர், குடியை நிறுத்த முடியாமல் கை நடுங்குபவர், இரண்டு மருந்து மாற்றியும் தேறாதவர், இவர்களையெல்லாம் மனநல மருத்துவரிடம் அனுப்பியே ஆக வேண்டும். அனுப்புகிறேன் என்பதற்கு உங்களைக் கைவிடுகிறேன் என்று அர்த்தம் இல்லை. திரும்ப வந்து என்னைப் பார்க்க வேண்டிய தேதியையும் அந்தச் சீட்டிலேயே எழுதித் தருகிறேன்.

மனநல மருத்துவர், உளவியலாளர், கவுன்சிலர் எல்லாம் ஒண்ணுதானே?

இல்லை. மனநல மருத்துவர் எம்.பி.பி.எஸ். முடித்து மனநோயியலில் மேற்படிப்பு படித்தவர், மருந்து எழுதுவார். மருத்துவ உளவியலாளர் பேச்சு வழியாகச் சிகிச்சை தருவார், மருந்து எழுதமாட்டார்; இந்திய மறுவாழ்வுக் குழுமத்தில் பதிவு செய்திருக்கிறாரா என்று கேட்டுக்கொள்ளுங்கள். 'கவுன்சிலர்' என்ற பெயரை யார் வேண்டுமானாலும் போட்டுக்கொள்கிறார்கள், அதனால் என்ன படித்தார் என்று தயங்காமல் கேளுங்கள்.

ரெண்டு டாக்டரும் சேர்ந்து பார்க்கறதுன்னா எப்படி? ஒரே ரூமில் உட்காருவீங்களா?

அது நடந்தால் ரொம்ப நல்லது. ஆனால் ஒரே அறை இல்லாமலும் இதைச் செய்ய முடியும். இதற்கென்று நன்றாக ஆராய்ந்த ஒரு முறை இருக்கிறது. குடும்ப மருத்துவர் சிகிச்சையை நடத்துவார். ஒரு நர்ஸோ சமூகப் பணியாளரோ நோயாளியோடு தொடர்ந்து பேசுவார்: மாத்திரை சாப்பிடுகிறாரா, தூக்கம் எப்படி, மதிப்பெண் இறங்குகிறதா என்று குறித்துவைப்பார். மனநல மருத்துவர் அந்தப் பட்டியலைக் குறிப்பிட்ட இடைவெளியில் பார்த்து, தேறாதவர்களுக்கு என்ன மாற்ற வேண்டும் என்று குடும்ப மருத்துவருக்குச் சொல்வார். அமெரிக்காவில் 1801 முதியவர்களிடம் இப்படிச் செய்து பார்த்து, 2002-ல் முடிவை வெளியிட்டார்கள். வழக்கமான சிகிச்சையைவிட இதில் மனச்சோர்வு நன்றாகக் குறைந்தது.

அது அமெரிக்கா, நமக்கு ஒத்துவருமா என்று கேட்பீர்கள். நம் சென்னையிலேயே செய்திருக்கிறார்கள். சுகரும் மனச்சோர்வும் சேர்ந்தே இருந்த 404 பேரை இந்தியாவில் நான்கு மையங்களில் இரண்டு வருஷம் பின்தொடர்ந்த ஆய்வு 2020-ல் வெளிவந்தது. அந்த நான்கில் ஒன்று சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனம். இப்படிச் சேர்ந்த சிகிச்சை பெற்றவர்களுக்கு மனச்சோர்வு குறைந்ததோடு சுகர், பிரஷர், கொழுப்பு ஆகியவற்றில் ஒன்றாவது இறங்குவதும் வழக்கமான சிகிச்சையைவிட அதிகம் பேரிடம் நடந்தது. நடுவில் நின்று போன் செய்து விசாரித்த ஒருங்கிணைப்பாளர்தான் இந்த முறைக்கு முதுகெலும்பு என்பது என் எண்ணம். எங்கள் கிளினிக்கில் அந்த வேலையை நர்ஸ் அக்கா ஒரு நோட்டுப் புத்தகத்தை வைத்துச் செய்கிறார். வியாழக்கிழமை மதியம் நோட்டைத் திறந்து வரிசையாகப் போன் போடுவார்.

மூட்டுவலிக்குத்தான் வந்தேன். மனநல மாத்திரையையும் எதுக்குக் காட்டணும்?

இதற்கு என் அனுபவத்தையே சொல்கிறேன். பூ கட்டி விற்கும் ஒரு அம்மா பல வருஷமாக என்னிடம் வந்துகொண்டிருந்தார். ஒரு வருஷம் அக்னி நட்சத்திர நேரத்தில் முழங்கால் வலி என்று வந்தார். டைக்ளோஃபினாக் ஐந்து நாளைக்கு எழுதினேன். வலி நன்றாகக் குறைந்ததால், அதே சீட்டைக் காட்டி மெடிக்கல் ஷாப்பில் இன்னும் இரண்டு வாரத்துக்கு வாங்கிச் சாப்பிட்டிருக்கிறார். மூன்றாம் வாரம் மகளோடு வந்தார். "சரம் கட்ட வரலை டாக்டர், நார் விரல்ல நிக்கமாட்டேங்குது" என்றார். கையை நீட்டச் சொன்னேன். இரண்டு கையும் நடுங்கின. பேச்சும் குழறியது, வாந்தி, நடையில் தள்ளாட்டம். பக்கவாதமோ என்று பயந்தே போனேன்.

மகள் மஞ்சள் பையைத் தலைகீழாக மேஜைமேல் கொட்டினாள். பிரஷர் மாத்திரை, நான் கொடுத்த வலி மாத்திரை, அப்புறம் ஒரு பழைய பவுடர் டப்பா. டப்பாவுக்குள் பெயர் தெரியாமல் அட்டையை ஓரத்தில் வெட்டிவைத்த மாத்திரைகள். லித்தியம். அளவுக்கு மீறிய உற்சாகமும் சோர்வும் மாறி மாறி வரும் இருமுனை மனநோய்க்குப் பதினோரு வருஷமாகச் சாப்பிட்டுக்கொண்டிருந்திருக்கிறார். வெட்கப்பட்டு என்னிடம் சொல்லவில்லை, நானும் "வேற ஏதாவது மாத்திரை சாப்பிடறீங்களா?" என்று ஒரு தடவைகூடக் கேட்டிருக்கவில்லை. டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென் போன்ற வலி மாத்திரைகள் லித்தியத்தைச் சிறுநீரகம் வெளியேற்ற விடாமல் தடுக்கும். வெயிலில் வியர்த்து, உடம்பில் நீர் வற்றினால் அளவு இன்னும் ஏறும். சில பிரஷர் மாத்திரைகளும் அப்படியே. அன்றே ஆஸ்பத்திரியில் சேர்த்து, ரத்தத்தில் லித்தியம் அளவைப் பார்த்து, டிரிப் போட்டுக் காப்பாற்றினார்கள். இரண்டு வாரத்தில் மறுபடியும் சரம் கட்ட ஆரம்பித்தார்.

அன்று சாயங்காலம்தான் அவருடைய மனநல மருத்துவருக்கு முதல் தடவையாகப் போன் செய்தேன். அவருடைய கிளினிக் எங்களிடமிருந்து இரண்டு பஸ் ஸ்டாப் தள்ளி. பதினோரு வருஷம் ஒரே நோயாளியை நாங்கள் இரண்டு பேரும் பார்த்திருக்கிறோம், ஒரு வரிகூட எழுதிக்கொண்டதில்லை. அந்த வருத்தம் எனக்கு இன்னும் போகவில்லை.

அதனால் மாத்திரை பெயர் தெரியாவிட்டாலும் பரவாயில்லை, அட்டையோடு கொண்டுவாருங்கள். சித்தா, ஆயுர்வேத மருந்தையும் சேர்த்துத்தான் சொல்கிறேன். லித்தியம் சாப்பிடுகிறவர்கள் வலிக்கு என்ன சாப்பிடலாம் என்று கேட்டுவிட்டு வாங்குங்கள். பெரும்பாலும் பாரசிட்டமால் போதும். தண்ணீர்கூடக் குடிக்காமல் விரதமோ நோன்போ இருப்பதாக இருந்தால் முன்கூட்டியே சொல்லுங்கள்.

மனநல மருந்து சாப்பிடறவருக்கு உடம்புல என்னென்ன பார்க்கணும்?

எந்த மருந்து என்பதைப் பொறுத்தது. தீவிர மனநோய்க்குத் தரும் ஓலான்சபின் போன்ற மருந்துகளில் பசி கூடி எடை ஏறும், சுகரும் கொழுப்பும் ஏறும். எடை, இடுப்புச் சுற்றளவு, பிரஷர், சுகர் ஆகியவற்றை ஆரம்பத்திலேயே குறித்துவைத்து, தொடர்ந்து பார்ப்பது குடும்ப மருத்துவரின் வேலை. லித்தியத்துக்கு தைராய்டு, சிறுநீரகத்தைப் பார்க்கக் கிரியாட்டினின், லித்தியம் அளவு. அளவு பார்க்க, கடைசி மாத்திரை சாப்பிட்டுப் பன்னிரண்டு மணி நேரம் கழித்து ரத்தம் எடுக்க வேண்டும். குளோசபின் சாப்பிடுபவருக்குக் காய்ச்சலோ தொண்டைவலியோ வந்தால் அதைச் சாதாரணமாக விடக் கூடாது, உடனே வெள்ளணுக்களை எண்ணிப் பார்க்க வேண்டும். வால்புரோயேட் கருவைப் பாதிக்கும் மருந்து. குழந்தை பெறும் வயதில் இருக்கும் பெண்ணின் சீட்டில் அந்தப் பெயரைப் பார்த்தால் மனநல மருத்துவரிடம் கட்டாயம் பேசுகிறேன்.

தீவிர மனநோய் உள்ளவர்கள் மற்றவர்களைவிடச் சீக்கிரமே இறந்துபோகிறார்கள். அதில் பெரும் பங்கு இதயநோய், சுகர் போன்ற உடம்பு நோய்களால்தான். "மனநோயாளி ஏதோ சொல்றார்" என்று அவருடைய நெஞ்சுவலியை ஒதுக்கிவிடுவதைப் பார்த்திருக்கிறேன். அது பெரிய அநியாயம்.

தூக்க மாத்திரை மட்டும் எழுதித் தாங்க, போதும்.

அல்பிரசோலம், குளோனசிபாம் போன்றவை சில நாளைக்கு உதவும், மாதக்கணக்கில் போனால் பழக்கமாகிவிடும். பழைய சீட்டை வைத்துத் திரும்பத் திரும்ப வாங்காதீர்கள். வருஷக்கணக்காகச் சாப்பிடுகிறவர்கள் தாங்களாக ஒரே நாளில் நிறுத்தவும் வேண்டாம்; வலிப்பு வரலாம். படிப்படியாகக் குறைக்க வேண்டும்.

பொண்ணுக்கு வரன் பார்க்கிறோம். இப்போதைக்கு மாத்திரையை நிறுத்திடலாமா?

வேண்டாம். கல்யாண அலைச்சல், தூக்கமின்மை, புது வீடு இவற்றோடு மருந்தும் நின்றால் நோய் திரும்புவதற்கு இதைவிட வேறு காரணம் தேவையில்லை. நிச்சயம் செய்வதற்கு முன்பே பெண்ணோடும் இரண்டு மருத்துவர்களோடும் உட்கார்ந்து பேசுங்கள். கல்யாணம் பண்ணிவைத்தால் சரியாகிவிடும் என்ற நம்பிக்கை இரண்டு குடும்பத்தையும் எவ்வளவு காயப்படுத்துகிறது என்பதைப் பார்த்ததால்தான் இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

என்னைக் கீழ்ப்பாக்கத்துக்கு அனுப்பிடுவீங்களா?

இந்தப் பயத்தில்தான் பாதிப் பேர் வாயே திறப்பதில்லை. சென்னையில் 'கீழ்ப்பாக்கம்' என்ற ஊர்ப்பெயரே கேலிச் சொல்லாகிவிட்டது எனக்குப் பெரிய வேதனை. 1794-ல் தொடங்கி, 1871-ல் கீழ்ப்பாக்கத்துக்கு வந்த அந்த அரசு மனநல ஆஸ்பத்திரியின் கண்காணிப்பாளராக 1961-ல் பொறுப்பேற்றவர் டாக்டர் சாரதா மேனன், இந்தியாவின் முதல் பெண் மனநல மருத்துவர் என்று அறியப்படுபவர். வந்து பார்த்துவிட்டு வீடு திரும்பலாம் என்ற வெளிநோயாளிகள் பிரிவை அங்கே வளர்த்தது அவர். 1984-ல் மனச்சிதைவு நோயாளிகளுக்காக ஸ்கார்ஃப் அமைப்பைத் தொடங்கினார். இன்றைக்கு மனநல சிகிச்சை பெறுபவர்களில் பெரும்பாலானோர் வெளிநோயாளிகள்தான். காலையில் ஓ.பி. சீட்டு, மதியம் வீடு.

எங்கே போறது? செலவு?

சென்னை மாநகராட்சியின் நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் முதலில் பேசலாம். ராஜீவ் காந்தி, ஸ்டான்லி, கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனைகளில் மனநலப் பிரிவு இருக்கிறது, ஓ.பி.யும் மருந்தும் இலவசம். 14416 என்ற எண்ணில், அரசின் தொலைபேசி மனநல உதவியான டெலி மானஸில், எந்த நேரமும் தமிழில் பேசலாம். 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் 2021 முதல் வீட்டுக்கே சுகர், பிரஷர் மாத்திரை கொண்டுவரும் பெண்களிடமும் சொல்லுங்கள்; கதவைத் திறக்காமல் முடங்கிக் கிடப்பவரை முதலில் கவனிப்பது பெரும்பாலும் அவர்கள்தான். காப்பீடு வைத்திருந்தால், உடல்நோய்க்குத் தருவது போலவே மனநோய்க்கும் தர வேண்டும் என்று 2017-ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம் சொல்கிறது.

ரெண்டு டாக்டரும் பேசிக்கிட்டா விஷயம் வெளியே போயிடாதா?

அதே சட்டம் உங்கள் ரகசியத்தையும் காக்கிறது. உங்களைக் கேட்காமல் நான் மனநல மருத்துவருக்கு எழுதுவதில்லை. உயிருக்கு ஆபத்து என்ற நிலையில் மட்டும் இதற்கு விலக்கு உண்டு. மருந்து, அளவு, பரிசோதனை முடிவு இவைதான் எங்களுக்குள் போக வேண்டும். உங்கள் வீட்டுச் சண்டையின் விவரம் எனக்கு எழுதப்பட வேண்டியதில்லை.

உயிரை விட்டுடுவேன்னு சொல்றார். ராத்திரி நேரம். என்ன செய்றது?

தனியாக விடாதீர்கள். எலி மருந்து, பூச்சி மருந்து, மாத்திரை டப்பா எல்லாவற்றையும் கைக்கெட்டாமல் எடுத்துவிடுங்கள். ஏதாவது சாப்பிட்டிருந்தால் அவர் தெளிவாகப் பேசினாலும் 108-ஐ அழையுங்கள். பேச ஆள் வேண்டுமென்றால் 14416, அல்லது 1986 முதல் சென்னையில் இயங்கும் தற்கொலைத் தடுப்பு அமைப்பான சிநேகாவின் 044-24640050. போலீஸ் கேஸ் ஆகிவிடும் என்று பயந்து ஆஸ்பத்திரிக்குப் போகத் தயங்காதீர்கள். தற்கொலைக்கு முயன்றவர் கடும் மன அழுத்தத்தில் இருந்தார் என்றே கருத வேண்டும், தண்டிக்கக் கூடாது என்று 2017-ஆம் ஆண்டுச் சட்டத்தின் 115-ஆவது பிரிவு சொல்கிறது.

ரெண்டு டாக்டருக்கும் நடுவில் போற கடிதத்துல என்ன இருக்கணும்?

நான் எழுதுவது அரைப் பக்கம். என்ன தொந்தரவு, எத்தனை நாளாக, ஒன்பது கேள்வியில் எவ்வளவு மதிப்பெண், வேறு என்ன நோய், இப்போது சாப்பிடும் எல்லா மருந்தும் அளவோடு, கடைசி ரத்தப் பரிசோதனை முடிவு, மனநல மருத்துவரிடம் நான் கேட்பது என்ன. பதிலில் எனக்கு வேண்டியது நாலு வரி: நோயின் பெயர், மருந்து, நான் என்ன பரிசோதிக்க வேண்டும், மறுபடி எப்போது அனுப்ப வேண்டும். ஒருமுறை பெரிய ஆஸ்பத்திரி ஒன்றிலிருந்து பதினாறு பக்க டிஸ்சார்ஜ் சம்மரி வந்தது. வீட்டில் என்ன மாத்திரை தொடர வேண்டும் என்பது மட்டும் அதில் இல்லை.

பதில் கேட்டு வாங்குவது உங்கள் உரிமை. "எங்க டாக்டருக்கு ரெண்டு வரி எழுதித் தாங்க" என்று தயங்காமல் கேளுங்கள். பூ கட்டும் அம்மா இப்போது அதைக் கேட்காமல் எழுந்து வருவதில்லை. பழைய பவுடர் டப்பா போய், பிளாஸ்டிக் உறைக்குள் இரண்டு டாக்டர்களின் சீட்டும் ஒன்றாக இருக்கின்றன. ஆறு மாதத்துக்கு ஒருமுறை லித்தியம், தைராய்டு, கிரியாட்டினின் முடிவை நான் அதிலேயே எழுதுகிறேன். மனநல மருத்துவர் அதைப் பார்த்துக் கீழே கையெழுத்துப் போட்டு அனுப்புகிறார்.